பச்சையும் நீலமும் ஏறும் கப்பல்: கிளாஸ்கோ, பெல்ஃபாஸ்ட், டப்ளின்

முதல் நாள், வெள்ளி: கிளாஸ்கோ

கிளாஸ்கோ சென்ட்ரலில் இறங்கும்போது மணி நாலரை. நவம்பர் மாதம் என்பதால் அதற்குள் இருட்டிவிட்டது. கூட்டிப்போக வந்த அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், என் நண்பனின் மைத்துனர். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் பையை வாங்கிக்கொண்டே அவர் சொன்ன முதல் விஷயம் குளிரைப் பற்றியதோ சாப்பாட்டைப் பற்றியதோ இல்லை.

"தம்பி, ஆராவது நீர் எந்த டீம் எண்டு கேட்டா, பார்ட்டிக் திசில் எண்டு சொல்லும். ஒரு பிரச்சினையும் வராது."

திசில் இந்த ஊரின் மூன்றாவது அணி. மற்ற இரண்டில் எதைச் சொன்னாலும் அது கால்பந்துக்கான பதிலாக மட்டும் இருக்காது. செல்டிக் என்றால் கத்தோலிக்கர், அயர்லாந்து வம்சாவளி, பச்சை. ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டன்ட், பிரிட்டனோடு இருக்க விரும்புபவர், நீலம். எல்லாருக்கும் இது பொருந்தாதுதான். ஆனாலும் கேட்பவர் மனதில் அந்தக் கணக்கு ஓடும் என்கிறார் அண்ணன்.

ராத்திரி சோறும் மீன் குழம்பும். வந்த களைப்பில் அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இரண்டாம் நாள், சனி: சந்தையும் ஐப்ராக்ஸும்

காலையில் கிழக்குப் பக்கம் போனோம். சனி ஞாயிறுகளில் கூடும் பாரஸ் சந்தை அங்கேதான். பக்கத்துத் தெருக்களில் உள்ள மதுக்கடைகளின் முகப்பில் அயர்லாந்தின் மூவர்ணக் கொடி. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. தூரத்தில் பார்த்தால் நம் கொடியைச் சக்கரம் இல்லாமல் படுக்கவைத்தது போல இருக்கும். எனக்கு ஒரு கணம் நெஞ்சு துள்ளியது, அப்புறம்தான் புரிந்தது.

செல்டிக் பிறந்த இடம் இதே பகுதிதான். பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டுவந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கால்ட்டனில், செயின்ட் மேரீஸ் தேவாலயக் கூடத்தில், 1887 நவம்பரில் கூட்டம் போட்டு ஆரம்பித்தார்கள். முன்னின்றவர் பிரதர் வால்ஃப்ரிட் என்ற துறவி. பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு வேண்டும், அதற்கு ஒரு கால்பந்து அணி. 1888 மே மாதம் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸோடுதான், அதுவும் நட்பு ஆட்டம்.

சந்தையில் ஒரு பச்சை வெள்ளை ஸ்கார்ஃப் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மதியம் ஊரின் நடுப்பகுதியில் ஒரு மதுக்கடையில் சாப்பிடப் போனபோது வாசலில் நின்றவர் கையை நீட்டித் தடுத்தார். கதவில் ஒரு அறிவிப்பு: கால்பந்து நிறங்களுக்கு அனுமதி இல்லை. அவர் கோபப்படவில்லை, தினமும் சொல்லும் விஷயத்தைச் சொல்கிற குரல். ஸ்கார்ஃபைச் சுருட்டிப் பைக்குள் வைத்ததும் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பலர் சட்டையில் சிவப்பு பாப்பி குத்தியிருந்தார்கள். போரில் இறந்த படைவீரர்களின் நினைவுக்காக நவம்பரில் பிரிட்டன் முழுக்க அணியும் காகிதப் பூ. அதுவும் ஒரு சின்னம்தான், ஆனால் அதை யாரும் வாசலில் தடுக்கவில்லை.

இந்தப் பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் மெக்லீன் என்று ஒரு ஆட்டக்காரர், பிரிட்டனின் ஆட்சிக்குள் இருக்கும் வட அயர்லாந்தின் டெர்ரியில் பிறந்தவர். இங்கிலாந்துக் கிளப்புகளில் ஆடியபோது நவம்பரில் எல்லார் சட்டையிலும் பாப்பி இருக்கும், இவர் சட்டையில் மட்டும் இருக்காது. 1972 ஜனவரி 30-ல் டெர்ரியில் உரிமைப் பேரணி போனவர்கள்மேல் பிரிட்டிஷ் படையினர் சுட்டார்கள். அன்று 13 பேர் செத்தார்கள், காயம்பட்ட ஒருவர் பின்னால் இறந்தார். மெக்லீன் வளர்ந்த குடியிருப்பிலேயே அதில் ஆறு பேரின் வீடுகள். 2014-ல் தன் கிளப் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அதையெல்லாம் பொறுமையாக விளக்கினார்: உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் தினமும் அணிவேன், அதற்குப் பிறகான போர்களுக்கும் சேர்த்து என்பதால் என்னால் முடியாது. அப்படியும் வருஷா வருஷம் அரங்கங்களில் அவருக்குக் கூச்சல் கிடைத்தது. சட்டையில் ஒரு பூ இல்லாததற்கு.

சாயங்காலம் சப்வேயில் ரேஞ்சர்ஸின் அரங்கமான ஐப்ராக்ஸ். ஊரை வட்டமாகச் சுற்றிவரும் சின்ன ரயில், 1896-லிருந்து ஓடுகிறது. ஆட்டம் இல்லாத நாள், செங்கல் முகப்பு அமைதியாக இருந்தது. 1971 ஜனவரி 2 அன்று இதே அரங்கத்தின் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்தார்கள், செல்டிக்கோடு ஆட்டம் முடிந்து வெளியேறும்போது. நினைவுச் சின்னத்தில் பெயர்களைப் படித்தேன். சிறுவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கிளப் பல பத்தாண்டுகளாகக் கத்தோலிக்கர் என்று தெரிந்த யாரையும் பெரிதாக எடுத்ததில்லை. 1989-ல் மேலாளர் கிரேம் சூனஸ் அதை உடைத்து மோ ஜான்ஸ்டனை எடுத்தார், அதுவும் முன்னாள் செல்டிக் வீரர். ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிலர் அரங்கத்து வாசலில் ஸ்கார்ஃபுகளைக் கொளுத்தினார்கள். அந்தப் பக்கம் அவர் துரோகி. இரண்டு கொடிக்கும் நடுவில் ஒரு ஆள்.

மூன்றாம் நாள், ஞாயிறு: செல்டிக் பார்க், பிறகு கப்பல்

மதியம் ஆட்டம். லண்டன் ரோடு வழியாக நடந்து போனோம். அரங்கத்தின் முன்னால் வால்ஃப்ரிட் சிலை, ஜாக் ஸ்டீன் சிலை. 1967-ல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் மேலாளர் ஸ்டீன். பிரிட்டனிலிருந்து அந்தக் கோப்பையை முதலில் வென்ற அணி அதுதான், பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். ஸ்டீன் புராட்டஸ்டன்ட். இதை அண்ணன் இரண்டு தடவை சொன்னார்.

மேலே, கூரைக்கு மேல், மூவர்ணக் கொடி பறந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு கதை உண்டு. 1952 புத்தாண்டு நாளில் இந்த அரங்கத்தில் ரேஞ்சர்ஸோடு நடந்த ஆட்டத்தில் கலவரம். அந்தக் கொடியை இறக்கு என்று ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் உத்தரவு போட்டது. மாட்டேன் என்றார் தலைவர் ராபர்ட் கெல்லி. செல்டிக்கை லீக்கை விட்டே நிறுத்திவைக்கும் அளவுக்குப் பேச்சு போனது. அப்போது செல்டிக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா, ரேஞ்சர்ஸ். செல்டிக் இல்லாவிட்டால் வசூல் போய்விடும் என்பதால்தான் என்று சொல்வார்கள். காரணம் எதுவானாலும் கொடி இன்னும் மேலே இருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரும் அவர் பேரனும். பேரனுக்கு இருபது வயது இருக்கும். ஒரு கோடியில் நின்றபடியே பாடும் ரசிகர்களின் பகுதியில் பாலஸ்தீனக் கொடிகள் எழுந்தன. பெரியவர் பெருமூச்சு விட்டார். மேலே இருக்கும் மூவர்ணம் எங்கள் தாத்தாமாரின் கொடி, கிளப்போடு பிறந்தது, மற்ற சண்டைகளை ஏன் இங்கே கொண்டுவர வேண்டும், அபராதம் கட்டுவது கிளப் என்றார். பேரன் சும்மா விடவில்லை. தாத்தா, பசித்த பிள்ளைகளுக்காக ஆரம்பித்த கிளப் இது, வேறு எங்கே இதைத் தூக்குவது? உங்கள் கொடியையும் அரசியல் என்றுதானே இறக்கச் சொன்னார்கள்?

பேரன் சொல்வதில் பொருள் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹபோயல் பேர்ஷேவா அணி இங்கே ஆடியபோது அரங்கத்தில் நூற்றுக்கணக்கில் பாலஸ்தீனக் கொடிகள். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு அபராதம் போட்டது. அந்த அபராதத் தொகைக்குச் சமமாகத் தர்மத்துக்குப் பணம் திரட்டலாம் என்று ரசிகர்கள் கேட்டார்கள். ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. பாலஸ்தீன மருத்துவ உதவிக்கும் பெத்லகேம் அருகே ஐடா அகதி முகாமில் உள்ள ஒரு இளைஞர் மையத்துக்கும் போனது. அந்த முகாமில் பிள்ளைகள் இப்போது செல்டிக் பெயரிலேயே ஓர் அணி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெரியவரையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. அவர் பயப்படுவது கொடிக்கு அல்ல. 2023 அக்டோபரில் போர் மூண்ட வாரங்களில் இதே அரங்கத்தில் கொடிகள் எழுந்தபோது, கிளாஸ்கோவில் இருக்கும் யூத ரசிகர் ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார், அவரை யார் நினைத்தார்கள் என்று கேட்டார். பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவருக்கும் இங்கே இடம் உண்டு, அதை அவருக்குச் சொல்லியாக வேண்டும்" என்றான். நடுவில் ஒரு கோல் விழுந்தது, இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பி நடக்கும்போது அண்ணன் தானாகவே ஆரம்பித்தார்.

"அந்தக் கொடியில ஆரஞ்சு இருக்கெல்லே. அது ஆருக்கு தெரியுமே? புராட்டஸ்டன்ட் ஆக்களுக்கு. பச்சை கத்தோலிக்கருக்கு, நடுவில வெள்ளை சமாதானம். ஆனா ரேஞ்சர்ஸ் காரனிட்டக் கேட்டுப் பாரும், அது தன்ர கொடி எண்டு சொல்லுவானோ எண்டு. எங்கட நாட்டுக் கொடியிலயும் எங்களுக்கு ஒரு ஆரஞ்சுக் கோடு இருக்கு தம்பி. சிங்கம் வாளோட அதைப் பார்த்துக்கொண்டு நிக்குது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். 2013-ல் கார்டிஃபில் இந்தியாவும் இலங்கையும் சாம்பியன்ஸ் டிராஃபி அரையிறுதி ஆடியபோது தமிழர்கள் சிலர் மைதானத்துக்குள் ஓடினார்கள். வெளியே நின்ற கூட்டத்தில் இவருடைய கூட்டாளிகளும் இருந்தார்களாம். இவர் போகவில்லை. போகாதது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை என்றார். "அதைவிட முரளி விளையாடின காலம்தான் கஷ்டம். முரளி விக்கெட் எடுக்கேக்க கை தட்டுறதோ விடுறதோ எண்டு எங்கட வீட்டில ஒவ்வொருமுறையும் சண்டை. அப்பா தட்டுவார். அம்மா எழும்பிப் போயிடுவா."

பேருந்து நிலையத்தில் அவரிடம் விடைபெற்றேன். ஸ்கார்ஃபை வெளியே எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

கெய்ர்ன்ரையன் துறைமுகத்திலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு இரண்டேகால் மணி நேரக் கடல். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் வட அயர்லாந்திலிருந்து செல்டிக் ரசிகர்களும் ரேஞ்சர்ஸ் ரசிகர்களும் பேருந்து பேருந்தாகக் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்கு வந்து ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரே கப்பலில். ரேஞ்சர்ஸுக்கு அன்று வெளியூர் ஆட்டம், அவர்களும் ஏறினார்கள். கேட்டிருந்தேன், ஆனாலும் நேரில் பார்க்கும்வரை நம்பவில்லை. ஜெர்சிக்கு மேல் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலேற்றிக்கொண்டு, ஒரு கூட்டம் முன்பக்கம், ஒரு கூட்டம் பின்பக்கம். நடுவில் சிப்ஸ் வாங்கும் வரிசை ஒன்றுதான். அந்த வரிசையில் நீலச் சட்டைப் பையன் ஒருவன் காசு போதாமல் நின்றபோது, பின்னால் நின்றவர் கொடுத்தார். அவர் ஜிப்புக்குக் கீழே பச்சை தெரிந்தது. அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள், திங்கள்: பெல்ஃபாஸ்ட்

நகர மன்றத்தின் உச்சியில் கொடிக்கம்பம் வெறுமையாக இருந்தது. 2012 டிசம்பர் 3 வரை இங்கே பிரிட்டிஷ் கொடி தினமும் பறந்தது. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற்றுவோம் என்று மன்றம் அன்று வாக்களித்தது. மாதக்கணக்கில் மறியல், கல்வீச்சு. ஒரு வெறும் கம்பத்தை இவ்வளவு நேரம் நின்று பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

அங்கிருந்து வின்ட்சர் பார்க். வட அயர்லாந்து தேசிய அணியும் லின்ஃபீல்ட் கிளப்பும் ஆடும் அரங்கம். சுற்றியுள்ள தெருக்களில் விளக்குக் கம்பங்களில் கொடிகள், ஜூலையில் கட்டியவை, மழையில் வெளுத்துக் கிழிந்து தொங்குகின்றன. சில இடங்களில் நடைபாதை விளிம்புக்குக்கூடச் சிவப்பு வெள்ளை நீலம் அடித்திருந்தார்கள். வெள்ளையில் சிவப்புச் சிலுவை, நடுவில் ஆறு முனை நட்சத்திரத்துக்குள் ஒரு சிவப்புக் கை, மேலே கிரீடம். அதுதான் அல்ஸ்டர் பேனர். 1972-ல் வட அயர்லாந்து அரசு கலைக்கப்பட்டதோடு அதன் அதிகாரபூர்வ நிலை போய்விட்டது. ஆனால் கால்பந்தில் இன்றும் அதுதான் இந்த அணியின் கொடி, ஐம்பது வருஷத்துக்கு மேலாக. கத்தோலிக்கர்கள் பலருக்கு அது தங்களை ஒதுக்கிவைத்த அரசின் கொடி.

வாசலில் ஜார்ஜ் பெஸ்ட் சிலை. அதைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், தேசிய அணியின் ஆட்டம் ஒன்றையும் விடாதவர். நீல் லெனன் பெயரை எடுத்ததும் முகம் மாறியது.

லெனன் இந்த நாட்டுக்காக 40 ஆட்டம் ஆடியவர், லர்கன் ஊர்க் கத்தோலிக்கர். 2000 டிசம்பரில் செல்டிக்கில் சேர்ந்தார். அடுத்த பிப்ரவரியில் இதே அரங்கத்தில் நார்வேயோடு ஆட்டம். அவர் காலில் பந்து வரும்போதெல்லாம் சொந்த ரசிகர்களில் ஒரு பகுதி ஊளையிட்டது. 2002 ஆகஸ்டில் சைப்ரஸோடு ஆடும் ஆட்டத்துக்கு அவர்தான் கேப்டன். அன்று கொலை மிரட்டல் வந்தது. அதன் பிறகு அவர் நாட்டுக்காக ஆடவே இல்லை.

"நார்வே ஆட்டத்தில் நான் இருந்தேன்" என்றார் அவர். "நான் கத்தவில்லை. பக்கத்தில் கத்தியவனை நிறுத்தச் சொல்லவும் இல்லை."

அவமானத்தில்தான் பச்சை நிறத்தைப் பிடித்துக்கொண்டோம் என்றார். கால்பந்துச் சங்கமும் ரசிகர் மன்றங்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். மத வெறுப்புப் பாட்டை யாராவது எடுத்தால், சுற்றியிருப்பவர்கள் வேறு பாட்டைச் சத்தமாக எடுத்து அமுக்கிவிடுவார்கள். சிவப்பு வெள்ளை நீலத்தை விட்டு அணியின் சட்டை நிறமான பச்சைக்கு மாறச் சொன்னார்கள், வந்தார்கள். பச்சை என்றால் இன்னொரு தரப்பின் நிறம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அரங்கம் முழுக்கப் பச்சையில். 2016 ஐரோப்பியக் கோப்பையின்போது பாரிஸ் நகரம் இரண்டு அயர்லாந்து அணிகளின் ரசிகர்களுக்கும் பதக்கம் கொடுத்தது. அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார். கொடியும் தேசிய கீதமும் அப்படியே இருக்கின்றனவே என்றேன். ஆமாம் என்றார், அது இன்னும் முடியாத விஷயம்.

இங்கிருந்து நெடுஞ்சாலையைத் தாண்டி நடந்தால் டோனகல் ரோட்டில் ஒரு வணிக வளாகம். மளிகை வாங்க வந்தவர்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இந்த இடத்தில் முன்பு பெல்ஃபாஸ்ட் செல்டிக் அணியின் அரங்கம் இருந்தது. 1948 டிசம்பர் 27 அன்று அவர்கள் வின்ட்சர் பார்க்கில் லின்ஃபீல்டோடு ஆடினார்கள், 1-1. விசில் ஊதியதும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. செல்டிக்கின் முன்கள வீரர் ஜிம்மி ஜோன்ஸை இழுத்துப் போட்டு மிதித்துக் காலை உடைத்தார்கள். அவருக்கு அப்போது இருபது வயது. அவர் புராட்டஸ்டன்ட். மிதித்தவர்களும் புராட்டஸ்டன்ட்தான். பச்சைச் சட்டை போட்டிருந்தார், அவ்வளவு போதுமாயிருந்தது. அந்த சீசனோடு பெல்ஃபாஸ்ட் செல்டிக் லீக்கை விட்டே விலகியது, திரும்பி வரவில்லை.

மூன்று நாளாக என் மனதில் சேர்ந்துகொண்டிருந்தது இங்கேதான் தெளிவானது. மெக்லீன், ஜான்ஸ்டன், லெனன், ஜோன்ஸ். கொடியைத் தூக்கியவர்களுக்கு எதுவும் ஆகவில்லை, ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். விலை கொடுத்தது உள்ளே ஓடிக்கொண்டிருந்தவர்கள். கொடிக்குத் தடை போடுவதால் இது தீராது என்றுதான் நினைக்கிறேன். 2012-ல் ஸ்காட்லாந்து, கால்பந்தில் புண்படுத்தும் நடத்தைக்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டுப் பார்த்தது, 2018-ல் அதைத் திரும்பப் பெற்றது. தூக்கட்டும். ஆனால் தன் கொடிக்குக் கீழே ஓடும் ஆளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள், செவ்வாய்

நாள் முழுக்க மழை. அறையை விட்டு வெளியே போகவில்லை.

ஆறாம் நாள், புதன்: டப்ளின்

பேருந்தில் இரண்டரை மணி நேரம். எல்லை எங்கே தாண்டினோம் என்றே தெரியவில்லை, சாலைப் பலகைகளில் மைல் கிலோமீட்டராக மாறியதை வைத்துக் கண்டுபிடித்தேன். எல்லையோர ஊரான க்ளோன்ஸில் பிறந்தவர் குத்துச்சண்டை வீரர் பாரி மெக்விகன். 1985-ல் லண்டனில் உலகப் பட்டத்துக்கு மோதியபோது இரண்டு நாட்டுக் கொடியும் வேண்டாம் என்று சமாதானக் கொடியோடு வந்தார். தேசிய கீதத்துக்குப் பதில் அவர் அப்பா வளையத்துக்குள் நின்று 'டேனி பாய்' பாட்டைப் பாடினார். இரண்டு தரப்பும் சேர்ந்து பாடியதாம். ஜெயித்தார்.

மதியம் குரோக் பார்க். 82,000 பேர் உட்காரும் அரங்கம், அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களுக்கானது. 1920 நவம்பர் 21 காலையில், அயர்லாந்தின் விடுதலைக்காகச் சண்டையிட்ட ஐ.ஆர்.ஏ. படை நகரத்தில் பிரிட்டிஷ் உளவு ஆட்களைத் தேடிச் சுட்டது. மதியம் டப்ளினும் டிப்பரரியும் ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படைகள் இங்கே நுழைந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டன. 14 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன். ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயர். இங்கேயும் ஒரு ஆட்டக்காரர்.

பல பத்தாண்டுகளாக ரக்பி, கால்பந்து போன்ற பிரிட்டிஷ் ஆட்டங்களுக்கு இந்த மைதானத்தில் இடமே இருக்கவில்லை. விதியைத் தளர்த்தியது 2005-ல். 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி வந்தது. பிரிட்டிஷ் அரசியின் கீதம் இந்தப் புல்லின்மேல் ஒலிக்கப்போகிறது என்பதால் நாடே பதறியது.

சுற்றிப்பார்க்க வந்த எங்கள் கூட்டத்தில் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்திலிருந்து ஒரு தம்பதி. ரக்பியில் அயர்லாந்து முழுக்க ஒரே அணி. கொடியில் நான்கு மாகாணச் சின்னங்கள். எல்லைக்கு இரண்டு பக்கத்தாரும் பாட 1995-ல் ஃபில் கோல்ட்டர் எழுதிய 'அயர்லாந்தின் அழைப்பு' என்ற பாட்டு. டப்ளினில் ஆடும்போது அதோடு குடியரசின் கீதமும் உண்டு. அந்தப் பெரியவர் புராட்டஸ்டன்ட், பிரிட்டனோடு இருக்க விரும்புபவர், 2007-ல் மனைவியோடு இங்கே உட்கார்ந்திருந்தார்.

அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கள் கீதம் வந்தபோது பயந்துபோய் வாயைத் திறக்கவில்லை. சுற்றிலும் எண்பதாயிரம் பேர். ஒருத்தர் கூச்சல் போடவில்லை. கடைசியில் கை தட்டினார்கள்" என்றார். அப்புறம் அவர்கள் கீதம் ஆரம்பித்தது, எழுந்து நின்றார். வார்த்தை தெரியாது.

"நான் பாடினேன்" என்றார் மனைவி. "பள்ளிக்கூடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கற்றுக்கொண்டது. இவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்."

43-13, அயர்லாந்து ஜெயித்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த இருக்கைகளைத் தேடிக்கொண்டு இரண்டு பேரும் மேல் வரிசைக்கு ஏறிப் போனார்கள். வழிகாட்டி கூப்பிட்டும் கொஞ்ச நேரம் இறங்கி வரவில்லை.